திரைவள்ளலும் கடலோரக் குடிகளும்: எம்.ஜி.ஆரின் ஈகை குறித்த ஒரு மறு ஆய்வு

1. ஆய்வுக்குரிய கேள்வி

சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கி இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோடு கரையாகச் சென்று, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தையும் கடந்தால், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் இருபுறமும் சூழ, பழவேற்காடு வரை நீண்டு கிடக்கும் ஒரு மணல்திட்டைக் காணலாம். அத்திட்டின் மேல் அமைந்த ஊர்களில் ஒன்று காட்டுப்பள்ளி. கடலில் வலை வீசியும், கழியில் இறால் பிடித்தும், ‘பாடு’ என்னும் பழைய முறைப்படி மீன்பிடிக்கும் இடத்தையும் முறைநாளையும் தமக்குள் பகிர்ந்துகொண்டும் ஜீவனம் நடத்திய மக்களின் வட்டாரம் அது. இன்று அனல்மின் நிலையங்களும், இரண்டு துறைமுகங்களும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றிவிட்டன.

வடசென்னையின் இந்தக் கடலோரத்தில் ‘ஏழைகளுக்கு உதவிய நடிகர்’ என்ற பேச்சு எழுந்தால், மூத்த தலைமுறையினர் நாவில் முதலில் வரும் பெயர் எம்.ஜி.ஆர் என்பதாகவே இருக்கும். மீனவனாகத் திரையில் தோன்றியவர் அவர். பசித்த குழந்தைக்குச் சோறு போட்டவர் அவர். அவரது ஆட்சியிலேயே சென்னைக் கடற்கரையில் மீனவர் மீது துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. இம்மூன்று உண்மைகளையும் ஒன்றையொன்று மறைக்க விடாமல் ஒருங்கே வைத்துப் பார்ப்பது எங்ஙனம்? அவருடைய மனிதாபிமானப் பணியில் நிலைத்தது எது, அவரோடு மறைந்தது எது, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஈகை என்பது, பெறுகிறவர் கணக்குக் கேட்கக்கூடிய ஏற்பாடாக மாறிய இடத்தில் நிலைத்தது. அவ்வாறு மாறாத இடங்களில் அது நன்றியுணர்ச்சியாக மட்டுமே எஞ்சியது என்பது இங்கே நிறுவ முயலும் கருத்து.

2. இதுவரை நிலவிவரும் விளக்கங்கள்

எம்.ஜி.ஆரின் ஈகையைப் பற்றி மூன்று விதமான விளக்கங்கள் நம்மிடையே உண்டு. முதலாவது, பக்தி மரபு. பாரியும் பேகனும் முதலாய கடையெழு வள்ளல்களின் வரிசையில் அவரை ‘எட்டாவது வள்ளல்’ என்று போற்றுவதும், கிருபானந்த வாரியார் சூட்டிய ‘பொன்மனச் செம்மல்’ என்ற பட்டத்தை அவருடைய சுபாவத்தின் முழு விளக்கமாகவே கொள்வதும் இம்மரபின் இயல்பு. கொடுத்தவரின் உள்ளத்தை மட்டுமே பார்க்கும் இப்பார்வை, பெற்றவரின் வாழ்க்கை அதனால் எவ்வளவு தூரம் மாறிற்று என்று வினவுவதில்லை.

இரண்டாவது, விமர்சன மரபு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் ‘பிம்பச் சிறை’ என்ற பெயரில் தமிழிலும் வந்த நூல் இதற்குத் தலையாய சான்று. மிக வறியவர்களிடையே அளவற்ற செல்வாக்குப் பெற்ற ஒருவரின் ஆட்சி, பொருளாதார விஷயத்தில் அவ்வறியவர்களுக்குச் சாதகமாக இல்லாதிருந்தது ஏன் என்பது பாண்டியன் எழுப்பிய வினா. திரையில் கட்டப்பட்ட பிம்பமும், விளம்பரம் பெற்ற கொடைகளும், வாழ்க்கை வரலாற்று நூல்களும் ஒன்றுசேர்ந்து அம்மக்களின் பகுத்தறிவைச் சிறைப்படுத்தின என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

மூன்றாவது, மானுடவியலாரின் பார்வை. மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் கள ஆய்வு செய்து 1993ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்ட சாரா டிக்கி, சினிமா ரசிகர்கள் திரைக்கதையைக் கண்மூடி நம்பும் பேதைகள் அல்லர் என்பதையும், ரசிகர் மன்றத்தின் வழியே செய்யப்படும் சமூக சேவை ஏழை இளைஞர்களுக்கு ஒரு கௌரவத்தைத் தந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். இம்மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூன்றும் தலைவருக்கும் அன்பர்க்கும் இடையிலான மனோபாவத்தையே மையமாகக் கொண்டவை. கொடையின் வடிவம் யாது, அதை நடத்தியது யார், அது நின்றுபோனால் யாரிடம் முறையிடலாம் என்னும் நடைமுறை வினாக்களுக்கு இவற்றில் போதிய இடம் கிடைக்கவில்லை.

3. பசியிலிருந்து புகழுக்கு

1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில் கண்டிக்கு அருகேயுள்ள நாவலப்பிட்டியில் பிறந்த ராமச்சந்திரன், சிறு குழந்தையாக இருக்கையிலேயே தந்தை கோபால மேனனை இழந்தார். தாய் சத்தியபாமா இரு மகன்களோடு கும்பகோணத்தில் குடியேறினார். பள்ளிப் படிப்பைத் தொடர முடியாத வறுமையில் சக்கரபாணி, ராமச்சந்திரன் ஆகிய சகோதரர் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். அக்காலத்து நாடகக் கம்பெனி என்பது நடிப்புப் பள்ளியாகவும், அநாதைச் சிறுவர்களுக்கு மூன்று வேளைச் சோற்றுக்கு வழிகாட்டிய புகலிடமாகவும் விளங்கியதை மறத்தலாகாது.

1936இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் திரைக்கு வந்தவர், கதாநாயகனாவதற்கு 1947இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1958இல் தம் பொருள் அனைத்தையும் பணயம் வைத்துத் தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’, நல்லரசு எத்தகைய சட்டங்களை இயற்ற வேண்டும் என்பதைக் கதையின் நடுவிலேயே சொல்லிற்று. தொழிலாளியாக, விவசாயியாக, மாட்டுக்காரனாக, ரிக்ஷாக்காரனாக அவர் தோன்றிய படங்கள் ஒவ்வொன்றும் ஓர் உழைக்கும் கூட்டத்தைத் திரையில் தலைநிமிரச் செய்தன. 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கி, 1977 ஜூன் 30 அன்று முதலமைச்சராகி, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, 1987 டிசம்பர் 24இல் மறையும் வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

பிற்காலத்தில் சத்துணவுத் திட்டத்துக்குக் காரணம் கூறுகையில், அழ மட்டுமே தெரிந்த வயதில் தாம் பட்டினி கிடந்ததையும், அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் ஈந்த கஞ்சியே தம் குடும்பத்தைக் காத்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். ஒரு மனிதன் தன் பசியை மறவாதிருப்பது சிறப்பே. ஆனால் அந்த நினைவு தன் வாயிலுக்கு வந்தவருக்கு மட்டும் சோறிடுவதோடு நின்றதா, தன்னை ஒருபோதும் காணப்போகாதவருக்கும் சோறு கிடைக்க வழிசெய்ததா என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது.

4. கையால் கொடுத்த காலம்

தமிழ்த் திரையுலகில் ஈகைக்கு முன்மாதிரி வகுத்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, நகைச்சுவையால் நாட்டைச் சிந்திக்க வைத்து, 1957இல் மறைந்த அவர், கையில் வந்ததைக் கணக்குப் பாராமல் வழங்கினார். இறுதிக்காலத்தில் பொருள் நெருக்கடிக்கும் ஆளானார். அவரைத் தம் குருவாகவே எம்.ஜி.ஆர் மதித்தார். இராமாவரம் தோட்டத்துக்கு வருவோரை முதலில் ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டுப் பந்தியில் அமர்த்திய வழக்கம் கலைவாணரின் வீட்டு மரபைத் தொடர்ந்ததே ஆகும்.

1960களின் தொடக்கத்தில் சென்னை மழையில் நனைந்தபடி வண்டியிழுத்த ரிக்ஷாத் தொழிலாளர்களுக்கு அவர் மழைக்கோட்டுகள் வழங்கியது இவ்வகைக் கொடைகளில் மிகப் பிரசித்தமானது. அதன் அருமையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை: நாள் முழுதும் மழையில் ஓடியவனின் உடலை அது பிரத்தியட்சமாகக் காத்தது. எனினும் கோட்டு அணிந்த பின்னும் மனிதனை மனிதன் இழுக்கும் தொழில் அப்படியே இருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவந்தது 1973இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கைரிக்ஷாவை ஒழித்து, இழுத்தவர்க்குச் சைக்கிள் ரிக்ஷா வழங்கிய நடவடிக்கை. ஒரே தொழிலாளியின் வாழ்வில், ஒரு தசாப்த இடைவெளியில், தனிமனிதர் ஒருவரின் கொடையும் அரசின் சட்டமும் எவ்வாறு வெவ்வேறு வேலைகளைச் செய்தன என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பதரிது.

தனிக்கொடைக்கு இயல்பாகவே சில எல்லைகள் உண்டு. கொடுப்பவர் கண்ணில் பட்டவரே அதைப் பெறுவர். கொடுப்பவரின் ஆயுளே அதன் ஆயுள். குறைந்தாலோ நின்றாலோ பெறுகிறவர் கேட்பதற்கு இடமில்லை. மேலும், புகழ்பெற்ற நடிகரின் கொடை செய்தியாகிறது, செய்தி பிம்பத்தை வளர்க்கிறது, பிம்பம் வாக்காகிறது. பாண்டியன் சுட்டிய இந்தச் சுழற்சியை மறுக்க முடியாது. ஆனால் அதனாலேயே கொடை பொய்யாகிவிடும் என்று கூறுவதும் நியாயமன்று. நோக்கத்தை அளக்கும் கருவி ஆராய்ச்சியாளனிடம் இல்லை. விளைவை அளப்பதே அவனுக்குரிய பணி.

5. சத்துணவு: கொடை ஏற்பாடாக மாறிய இடம்

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டமே எம்.ஜி.ஆரின் வாழ்க்கையில் இம்மாற்றம் நிகழ்ந்த இடம். பள்ளியில் உணவளிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1920இல் பிட்டி. தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதற்கு வித்திட்டது. 1956இல் காமராஜர் அதனை மாநிலமெங்கும் பரப்பத் தலைப்பட்டார். பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு நடந்த காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர் அரசின் முழுப்பொறுப்பாக்கி, அளவில் பன்மடங்கு பெருக்கினார். கிராமங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று தொடங்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையிலும் விரிந்தது. தொடக்கத்திலேயே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் உண்டனர்.

எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் அமைப்பே இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு சத்துணவு மையத்தின் காலைப் பொழுதைச் சற்று அருகிருந்து நோக்குவோம். அமைப்பாளர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைக்கு நூறு கிராம் என்ற கணக்கில் அரிசியை அளந்து கொடுக்கிறார். சமையலர் உலை வைக்கிறார். உதவியாளர் காய் நறுக்குகிறார். இருப்புப் பதிவேட்டில் அன்றைய அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் அளவு பதியப்படுகிறது. நண்பகலில் தட்டோடு வரிசையில் அமரும் குழந்தை, முதலமைச்சர் யாரென்று அறியாமலேயே தன் பங்கைப் பெறுகிறது. அரிசி குறைந்தால் தலைமையாசிரியரைக் கேட்கலாம். சோறு சரியில்லையென்றால் ஊராட்சியில் புகார் செய்யலாம். அமைப்பாளர், சமையலர், ஆயா என்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அவர்களுள் கணவனை இழந்தோரும் ஆதரவற்றோரும் பலராக இருக்க, இத்திட்டம் வேலையும் தந்தது. மழைக்கோட்டுக்கும் இந்தத் தட்டுச் சோற்றுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

தொடங்கிய காலத்தில் இதனை ஜனரஞ்சக விரயம் என்று ஒதுக்கிய பொருளாதார அறிஞர் பலர். பின்னர் ஜான் டிரீஸும் அமர்த்தியா சென்னும் நாட்டுக்கே வழிகாட்டியென இத்தமிழக அனுபவத்தை எடுத்துக்காட்டினர். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென்று ஆணையிட்டது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குழந்தையின் உரிமையாக்கியது. 1989இல் கருணாநிதி ஆட்சி முட்டையைச் சேர்த்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கியதும் காட்டுவது, எதிர்க்கட்சியாலும் நிறுத்த முடியாத, மேலும் வளர்க்க மட்டுமே முடிந்த ஒன்றாக அது வேரூன்றிவிட்டது என்பதையே.

இதன் மறுபக்கத்தையும் கூறாவிடில் ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். 1981இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்ட அதே காலத்தில், அரசின் வருவாயில் மதுவரி பெரும்பங்கு வகிக்கலாயிற்று. குழந்தைக்கு அளித்த சோற்றின் விலையில் ஒரு பகுதியைத் தந்தையின் கூலியிலிருந்தே அரசு திரும்பப் பெற்றது என்ற பாண்டியனின் கண்டனம் வலுவுள்ளது. தாய்மாரின் கண்ணீருக்குக் காரணமான அந்த வருவாய் முறையைச் சத்துணவின் பெருமை ஈடுசெய்துவிட்டது என்று கூற எனக்கு மனம் ஒப்பவில்லை.

6. படகோட்டியும் மெரினாவும்

கடலோரக் குடிகளின் விஷயத்தில் எம்.ஜி.ஆரின் வரலாறு மேலும் சிக்கலானது. 1964இல் வந்த ‘படகோட்டி’யில், இரு மீனவக் கூட்டங்களின் தீராப் பகையையும், அப்பகையை வளர்த்து ஆதாயம் காணும் செல்வனையும் எதிர்த்து, இரு சாராரையும் ஒன்றுபடுத்தும் மாணிக்கமாக அவர் நடித்தார். உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவனின் உழைப்பு கரையில் இன்னொருவனுக்கு இலாபமாகிறது என்ற கசப்பான உண்மையை, வெகுஜனங்கள் திரண்டு பார்த்த படமொன்று உரக்கச் சொன்னது சாதாரணமன்று. அவர் முதலமைச்சரான பின் 1977 ஆகஸ்டில் வெளிவந்த ‘மீனவ நண்பன்’ அந்த உறவைப் புதுப்பித்தது.

அந்த ஆண்டுகளிலேயே சென்னைக் கடலில் கட்டுமரக்காரர்க்கும் விசைப்படகினர்க்கும் மோதல் முற்றியது. விசைப்படகுகள் கரையை ஒட்டி இழுவலை இழுத்ததால் சிறு மீனவரின் வலைகள் அறுந்தன, மீனும் அருகிற்று. படத்தில் ஒரு நாயகனின் நற்குணத்தால் தீர்ந்த பகையை நிஜத்தில் தீர்க்க 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வேண்டியிருந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுக்குத் தடை என்ற அதன் விதி, நடைமுறையில் மீறப்பட்டபோதிலும், சிறு மீனவர் சுட்டிக்காட்டி வாதாடக்கூடிய ஒரு பிடிமானத்தைத் தந்தது.

இரண்டே ஆண்டுகளில் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1985இல் மெரினாவை அழகுபடுத்த முனைந்த அரசு, தலைமுறை தலைமுறையாக அக்கரையில் வைக்கப்பட்டிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றத் தலைப்பட்டது, மீனவர் எதிர்த்தனர், காவல்துறை சுட்டதில் மீனவர் உயிரிழந்தனர். மணலில் மரத்தை ஏற்றி வைப்பதும், வலையை உலர்த்துவதும், பெண்கள் மீனைத் தரம் பிரிப்பதும் அவர்களுக்குத் தொழிலின் பாதி. அதை நகரத்தின் அழகுக்குக் குறையென்று கருதிய நிர்வாகப் பார்வை, ‘படகோட்டி’யின் நாயகன் தலைமை வகித்த அரசின் பார்வையாகவே இருந்தது. இதைத் தனிமனித துரோகமாகக் காண்பதினும், மீனவரின் கரையுரிமை எந்தப் பதிவேட்டிலும் உறுதிபெறாதிருந்ததன் விளைவாகக் காண்பதே பொருந்தும். குழந்தையின் சோற்றுக்கு ஏற்பாடு இருந்தது. மீனவனின் மணலுக்கு இல்லை. பிம்பத்தின் மீது வைத்த நம்பிக்கையால் அந்த இடைவெளியை நிரப்ப இயலவில்லை.

7. இன்றைய காட்டுப்பள்ளி

இப்போது வடக்கே திரும்புவோம். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தரும் கடல்நீர் ஆலை, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று ஒவ்வொன்றும் நாட்டின் தேவையென்ற பெயரில் இவ்வட்டாரத்துக்கு வந்தன. துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல காலம் போராடினர். 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய இத்துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்தின் மீது, 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடப்பதாயிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் மக்களின் எதிர்ப்புக்கிடையே நடைபெறாமற்போயின. நிலக்கரிச் சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைய, சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் முதல் கடலோடிகள் வரை யாவரும் அதன் பலனை அனுபவிக்கின்றனர்.

2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், அரசியல் கட்சி தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், எண்ணூர்க் கழிமுகத்துக்கு நேரில் வந்து சாம்பல் மேடுகளையும் ஆற்றின் ஆக்கிரமிப்பையும் பார்வையிட்டார். பல்லாண்டுகளாக மீனவர் சங்கங்களும் சூழலியல் ஆர்வலர்களும் எழுதிவந்த முறையீடுகளுக்குக் கிட்டாத வெளிச்சம் ஒரு காலைப் பொழுதில் கிட்டியது. எம்.ஜி.ஆர் பொருளைக் கொடுத்தார் என்றால், இவர் தம்மீது படிந்த பொதுக்கவனத்தைக் கொடுத்தார் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் தத்தம் பயன் உண்டு. ஆனால் பத்திரிகை வெளிச்சம் விலகியபின் சாம்பல் அங்கேயே இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து அதே கழியில் புகுந்தபோது, மீனவரே வாளியும் கையுமாக அதை அள்ள நேர்ந்தது. நடிகர் சூர்யா 2006இல் நிறுவிய அகரம் அறக்கட்டளை முதல் தலைமுறை மாணவர்களின் படிப்புக்கு ஆண்டுதோறும் துணைநிற்பதைப் போன்று, நட்சத்திரத்தின் பெயரைத் தாண்டி நடக்கும் ஒரு ஸ்தாபனத்தின் தொடர்ச்சி இக்கழிக்கு வாய்க்கவில்லை.

8. முடிவுரை

எம்.ஜி.ஆர் தம் உயிலில் இராமாவரம் இல்லத்தோடு சேர்த்துக் காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளுக்கு ஓர் இல்லமும் பள்ளியும் அமைய வழிசெய்தார். 1967இல் கழுத்தில் பாய்ந்த குண்டால் குரல் சிதைந்து, 1984இன் நோயால் பேச்சும் தளர்ந்தவரின் இறுதி விருப்பம் அது என்பதை எண்ணுகையில் உள்ளம் நெகிழ்கிறது. அதுவும் சத்துணவைப் போலவே, கொடுத்தவர் போனபின்னும் நடக்கக்கூடிய ஏற்பாடாக அமைந்ததே அதன் சிறப்பு. ஈகையாளராக அவரை மதிப்பிடுபவர் மழைக்கோட்டிலும் பந்தியிலும் நின்றுவிடாமல், இவ்விரண்டு ஏற்பாடுகளின் மேலேயே தம் மதிப்பீட்டை நிறுவ வேண்டும். மெரினாவில் விழுந்த உயிர்களையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பக்தி மரபு அவருடைய மனத்தை அளந்தது. விமர்சன மரபு அவருடைய பிம்பத்தை அளந்தது. நான் முன்வைக்கும் அளவுகோல் பெறுகிறவரின் நிலையிலிருந்து எழுவது: அந்த உதவி நின்றால், அவர் யாரிடம், எந்த விதியைக் காட்டி, தலைநிமிர்ந்து கேட்க முடியும்? இந்த வினாவுக்கு விடை உள்ள இடத்தில்தான் ஒரு நட்சத்திரத்தின் கருணை சமூகத்தின் சொத்தாகிறது. காட்டுப்பள்ளி மக்கள் இன்று வேண்டுவது, தடையின்றி ஓடும் ஆறும், மணலின் மீது எழுத்தில் உறுதிசெய்யப்பட்ட உரிமையும், கொடுத்த வேலை வாக்கின் நிறைவேற்றமும், தம்மைக் கேட்காமல் தம் ஊரைப் பற்றி முடிவெடுக்காத ஓர் அரசும் ஆகும். அவர்களுக்குத் துணைநிற்க விரும்பும் எந்தத் திரைக்கலைஞரும் தம் புகழை இவற்றைப் பெற்றுத்தரும் சட்டத்துக்கும் ஸ்தாபனத்துக்கும் செலவிடுவாராயின், கலைவாணரும் எம்.ஜி.ஆரும் தொடங்கிய அந்த ஈகை மரபை அதன் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றவர் ஆவார்.